டோட்டல் கவுன்ட் 3,800: எக்ஸ்ரே அறையும் வெள்ளையணுக்களும்

எக்ஸ்ரே படம் எடுக்கும் அந்த ரேடியோகிராபர் ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். பதினொரு வருட சர்வீஸ். ஊழியர்களுக்கு எடுக்கும் மருத்துவப் பரிசோதனையில் அவருடைய வெள்ளையணு எண்ணிக்கை 3,800 என்று வந்திருந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டர் போட்ட கீழ்நோக்கிய அம்புக்குறி. "அண்ணே, இது எக்ஸ்ரே வேலைதானே? உள்ளே ஆரம்பிச்சிடுச்சா?"

நான் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் ஓட்டியவன். வெள்ளையணுக்களை எண்ணுவதில் எங்கே கை வழுக்கும், எங்கே எண் ஏமாற்றும் என்பது தெரியும். அதனால் இரண்டு கேள்வி கேட்டேன். "சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா தம்பி?" மூன்று வாரத்துக்கு முன்னால் நாலு நாள் படுத்திருக்கிறார், வைரல் ஃபீவர் என்றார்களாம். "சரி, உங்க பேட்ஜ் ரீடிங் என்ன?" சட்டையில் மாட்டிக்கொள்ளும் கதிர் அளவி அது. அதில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. "அதெல்லாம் ஆபீஸ் ஃபைல்ல இருக்கும்ணே."

எக்ஸ்ரே, சி.டி., இதயத்துக்குள் குழாய் செலுத்தும் கேத் லேப், கதிர்சிகிச்சைப் பிரிவு என்று கதிர்வீச்சுக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. ரத்த ரிப்போர்ட்டில் ஒரு அம்புக்குறி வந்தால் போதும், சந்தேகம் நேராக மெஷின் மேல் போகும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கதிர்வீச்சு உடம்பைத் தொட்டால் முதலில் விழுவது வெள்ளையணுதான் என்பது உண்மை. எவ்வளவு தொட்டால் விழும் என்பதுதான் பலருக்கும் போய்ச் சேராத பாதி.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தம் என்பது குண்டூசித் தலையளவு துளி. ஆரோக்கியமான பெரியவருக்கு அதில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருக்கும். பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள், கிருமிகளை விழுங்கும் காலாட்படை. அடுத்து 20 முதல் 40 சதவீதம் லிம்ஃபோசைட்டுகள், அதாவது நிணநீரணுக்கள். வந்த கிருமியை ஞாபகம் வைத்திருப்பது இவற்றின் வேலை. மிச்சம் மூன்று வகையும் கொஞ்சம் கொஞ்சம். மொத்தத்தை எண்ணுவது டோட்டல் கவுன்ட், வகை பிரித்து எண்ணுவது டிஃபரன்ஷியல் கவுன்ட். ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இரண்டுமே டி.சி.தான், லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இதில் ஒருமுறையாவது குழம்பாமல் இருந்ததில்லை.

நியூட்ரோஃபிலுக்கு ரத்தத்தில் ஆயுள் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. அதனால் எலும்பு மஜ்ஜை தினமும் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைப் புதிதாகச் செய்து அனுப்புகிறது. உடம்பில் இவ்வளவு வேகமாக ஓடும் ஆலைகள் குறைவு. வேகமாகப் பிரியும் செல்களைக் கதிர்வீச்சு அதிகமாகத் தாக்கும் என்று 1906-ல் பெர்கோனியே, திரிபோந்தோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் சொன்னார்கள். புற்றுநோய்க் கட்டியைக் கதிரால் சுடும் சிகிச்சைக்கு இந்த விதி இன்றும் அடிப்படை. மஜ்ஜையில் இருக்கும் தாய்ச் செல்கள் கதிருக்கு எளிதில் பலியாவதும் இதனால்தான்.

ஆனால் லிம்ஃபோசைட் இந்த விதிக்குள் அடங்காது. அது ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது, அவசரமாகப் பிரிவதில்லை. விதிப்படி அது தப்பித்திருக்க வேண்டும். நடப்பது நேரெதிர். டி.என்.ஏ.வில் அடி விழுந்தது தெரிந்தால் மற்ற செல்கள் பழுது பார்க்க முயலும்; லிம்ஃபோசைட் பெரும்பாலும் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். அடிபட்ட ஞாபகசக்தியோடு பெருகுவதைவிடச் சாவதே உடம்புக்கு நல்லது என்று இயற்கை முடிவு செய்திருக்கிறது போலும்.

ஆகவே பெரிய டோஸ், அதாவது பெரிய அளவுக் கதிர், ஒரேயடியாக உடம்பில் விழுந்தால் ரத்தத்தில் இரண்டு வேகங்களில் சரிவு தெரியும். லிம்ஃபோசைட்டுகள் சில மணி நேரத்தில் குறையத் தொடங்கி இரண்டு நாளில் அடிமட்டத்தை நெருங்கும். நியூட்ரோஃபில்கள் அப்படி இல்லை. அரிசி ஆலை நின்றுபோனாலும் கிடங்கில் இருப்பு உள்ளவரை கடையில் அரிசி கிடைக்குமே, அதுபோல மஜ்ஜையில் பாதி தயாராக இருந்தவை வெளியே வந்துகொண்டிருக்கும். உண்மையான பள்ளம் மூன்று நான்கு வாரம் கழித்துத்தான். கதிர்வீச்சு விபத்துகளில் டாக்டர்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பது இதற்காகவே. 48 மணி நேரத்தில் லிம்ஃபோசைட் 1,200-க்கு மேல் நின்றால் உயிருக்கு ஆபத்தான டோஸ் விழுந்திருக்க வாய்ப்பு குறைவு. 300-க்குக் கீழே போயிருந்தால் நிலைமை மிக மோசம்.

இதில் 'டோஸ்' என்பது கிரே என்ற அலகில் அளக்கப்படுகிறது. எக்ஸ்ரே, காமா கதிர்களைப் பொறுத்தவரை 1 கிரே என்பதை 1 சீவர்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். 1 சீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு 1 மில்லிசீவர்ட். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் கணக்கு இது: எலும்பு மஜ்ஜையில் ஒரேயடியாக 0.5 கிரே, அல்லது வருடத்துக்கு 0.4 கிரேக்கு மேல் பல வருடம். அதற்குக் கீழே ரத்த உற்பத்தி கண்ணுக்குத் தெரியும்படி குறைவதில்லை. இந்த 0.4-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். எட்டு வருடம்கூட ஆகவில்லை, 1903-ல் ஹைனகே என்ற ஜெர்மன் மருத்துவர் எக்ஸ்ரே பட்ட சோதனை விலங்குகளின் நிணநீர்த் திசுக்கள் அழிவதைக் காட்டிவிட்டார். அதே வருடம் சிகாகோவில் நிக்கலஸ் சென் என்ற அறுவை மருத்துவர், வெள்ளையணு மிதமிஞ்சிப் பெருகும் லுகேமியா நோயாளிக்கு எக்ஸ்ரே கொடுத்துப் பார்த்து எண்ணிக்கை இறங்கியதை எழுதினார். கூடிப்போன வெள்ளையணுவைக் குறைக்கும் கதிர் என்று கொண்டாடினார்கள். 1911-ல் எதிர்ப்பக்கச் செய்தி வந்தது: கதிர்வீச்சில் வேலை பார்த்தவர்களுக்கே லுகேமியா.

அந்தக் காலத்தில் டோஸை அளக்க ஒழுங்கான கருவியே கிடையாது. தோல் சிவந்தால் 'கொஞ்சம் அதிகமாகிவிட்டது' என்று தெரிந்துகொள்வார்கள். அதற்கு முன்பே எச்சரிக்க ஏதாவது வேண்டும். கையில் இருந்தது ரத்த எண்ணிக்கை ஒன்றுதான். 1928-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய சர்வதேச மாநாடு எக்ஸ்ரே, ரேடியம் ஊழியர்களுக்குச் சொன்ன பரிந்துரைகளைப் படித்தால் இன்று வேடிக்கையாக இருக்கும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, விடுமுறை நாள்களைக் கூடியவரை வெளிக்காற்றில் கழிக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு மாதம் லீவு வேண்டும். மில்லிசீவர்ட் கணக்கெல்லாம் அதில் இல்லை. ரத்தம் தேறி வர அவகாசம் கொடுங்கள் என்பதுதான் உள்ளர்த்தம். இன்றைக்கும் எக்ஸ்ரே ஊழியர்கள் 'ரேடியேஷன் லீவு' கேட்கிறார்கள் என்றால் அதன் வேர் இங்கே இருக்கிறது.

மேரி கியூரி 1934 ஜூலை 4 அன்று இறந்தார். ரத்தசோகைதான், ஆனால் சாதாரண ரத்தசோகை இல்லை. மஜ்ஜையே உற்பத்தியை நிறுத்திவிட்டது. நீண்ட காலம் சேர்ந்த கதிர்வீச்சு மஜ்ஜையைப் பழுதாக்கியிருக்கலாம் என்று சிகிச்சை அளித்த மருத்துவர் குறித்தார். மகள் ஐரீன் 1956-ல் லுகேமியாவில் போனார்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்திலும் தொழிலாளர்களுக்கு விடாமல் ரத்தம் எடுத்தார்கள். சட்டையில் ஃபிலிம் பேட்ஜ், பையில் பேனா மாதிரி ஒரு அளவி, அதற்கு மேல் ரத்த எண்ணிக்கை. சிகாகோவில் இந்த ரத்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டவர் லியான் ஜேக்கப்சன். ஆயிரக்கணக்கான எண்ணிக்கைகள் சேர்ந்த பிறகு தெரிய வந்தது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை: அனுமதித்த அளவுக்கு அருகே டோஸ் வாங்கியவர்களின் எண்ணிக்கையில் சராசரியாகச் சிறு அசைவுகள் இருந்தன, ஒரு தனி ஆளின் ரிப்போர்ட்டை வைத்து அவர் எவ்வளவு வாங்கினார் என்று சொல்ல முடியவில்லை.

ஏன் முடியாது என்பது எனக்கு விரல் நுனியில் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆட்டோ அனலைசர் கிடையாது. கண்ணாடிப் பிப்பெட்டில் 0.5 கோடு வரை ரத்தத்தை வாயால் உறிஞ்ச வேண்டும். பிறகு 11 கோடு வரை, சிவப்பணுக்களைக் கரைக்கும் டர்க் திரவம். குலுக்கி, முதல் சில துளிகளை விட்டுவிட்டு, நியூபாவர் சேம்பர் என்ற கட்டம் போட்ட கண்ணாடித் தட்டின் விளிம்பில் ஒரு துளி. மைக்ராஸ்கோப்பில் நான்கு மூலைச் சதுரங்களில் இருக்கும் வெள்ளையணுக்களை எண்ணி 50-ஆல் பெருக்கினால் டோட்டல் கவுன்ட். 5,000 என்று ரிப்போர்ட் எழுதுகிறேன் என்றால் நான் கண்ணால் பார்த்தது வெறும் நூறு செல்கள். அதே துளியை இன்னொருவர் எண்ணினால் 85 வரலாம், 115 வரலாம். பிப்பெட்டில் ஒரு மயிரிழை கூடினால் கதை வேறு. ஒரே ஆளின் ஒரே ரத்தம் காலையில் 4,200, மாலையில் 5,700 என்று ரிப்போர்ட் ஆகியிருக்கிறது, எக்ஸ்ரே அறைப் பக்கமே போகாத ஆளுக்கு.

வகை பிரித்து எண்ணுவது இன்னும் மோசம். லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடில் நூறு செல் எண்ணி, லிம்ஃபோசைட் 30 சதவீதம் என்று எழுதினால், உண்மையான அளவு 21-க்கும் 40-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். புள்ளியியல் சொல்லும் கணக்கு அது, என் கைத்தவறு இல்லை. இன்றைய மெஷின் ஆயிரக்கணக்கில் எண்ணுவதால் இந்தத் தள்ளாட்டம் பெருமளவு போய்விட்டது. உடம்பின் தள்ளாட்டம் போகவில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு எண்ணிக்கை ஏறும். மாடிப்படி ஓடி ஏறி வந்து உடனே ரத்தம் கொடுத்தால் ஏறும். ஸ்டீராய்டு மாத்திரை ஏற்றும். டெங்குவும் சாதாரண வைரஸ் காய்ச்சலும் இறக்கும், தேறச் சில வாரம் பிடிக்கும். லிம்ஃபோசைட்டுகள் காலையில் குறைந்து இரவில் கூடும். நைட் ஷிஃப்ட் முடிந்து வருபவரின் ரத்தத்தை ஆபீஸ் ஊழியரின் ரத்தத்தோடு ஒப்பிடுவதே சிக்கல்.

அப்படியென்றால் வேலை செய்யும் இடத்துக் கதிர்வீச்சால் வெள்ளையணு குறைந்ததே இல்லையா? குறைந்திருக்கிறது, நிறையப் பேருக்கு. அதற்குச் சோவியத் யூனியனுக்குப் போக வேண்டும்.

யூரல் மலைப்பகுதியில் மாயாக் என்ற அணு வளாகம். 1948-ல் ஸ்டாலினின் குண்டுக்குப் புளூட்டோனியம் செய்யத் தொடங்கிய இடம். அவசரம், ரகசியம், அனுபவமின்மை மூன்றும் சேர்ந்த முதல் சில வருடங்களில் வருடத்துக்கு 1 கிரே அளவில் டோஸ் வாங்கியவர்கள் அங்கே ஏராளம். சற்று முன் சொன்ன 0.4-ஐ நினைத்துப் பாருங்கள், அதைப்போல இரண்டரை மடங்கு, வருடா வருடம். அங்கே போய்ச் சேர்ந்த இளம் டாக்டர் ஆஞ்சலினா குஸ்கோவா தொழிலாளர்களின் ரத்தத்தை விடாமல் தொடர்ந்தார். வெள்ளையணு மெல்ல மெல்ல இறங்கியது, முதலில் நியூட்ரோஃபில்களில். கூடவே அசதி, தலைவலி, தூக்கமின்மை. இதற்கு நாள்பட்ட கதிர்வீச்சு நோய் என்று பெயர் வைத்தார்கள். மாயாக்கில் மட்டும் இரண்டாயிரம் பேருக்கு மேல் இந்த நோய் பதிவானது.

குஸ்கோவாவும் சக மருத்துவர்களும் எண்ணிக்கை இறங்கியவர்களைக் கதிர் இல்லாத வேலைக்கு மாற்றச் சொல்லி வற்புறுத்தினார்கள். குண்டு செய்யும் அவசரத்தில் ஒரு திறமையான ஆளை விடுவிப்பது நிர்வாகத்துக்குக் கசப்பான விஷயம். அங்கே அந்த ரத்த ரிப்போர்ட்தான் தொழிலாளியை வெளியே கொண்டுவந்த அனுமதிச்சீட்டு. மாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சில வருடங்களில் எண்ணிக்கை மீண்டது, சிலருக்குப் பழைய அளவை முழுதாக எட்டவில்லை. அதிக டோஸ் வாங்கியவர்களிடம் லுகேமியா தனியாக வந்து சேர்ந்தது. இதே குஸ்கோவாதான் 1986-ல் செர்னோபில் அணு உலை விபத்திலிருந்து மாஸ்கோ ஆறாம் எண் மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பார்த்தவர். அந்த விபத்தில் கடுமையான கதிர்வீச்சு நோய் உறுதியான 134 பேரில் 28 பேர் சில மாதங்களில் இறந்தார்கள். எல்லோரும் ஆலை ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள் போன்ற வேலைக்குப் போனவர்கள்.

நம் நாட்டிலும் ரத்தம் பேசிய ஒரு சம்பவம் உண்டு. டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படுத்தாமல் கிடந்த காமா கதிர்க் கருவி ஒன்று 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு ஏலத்தில் போனது. மாயாபுரி பழைய இரும்புக் கடையில் அதைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60 என்ற கதிர்வீசும் உலோகம். பிரித்தவர்களுக்கு அது ஈயமும் இரும்பும், அவ்வளவுதான். வாந்தி, கறுத்த தோல், உதிர்ந்த முடி என்று மருத்துவமனைக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. ஒருவர் ஏப்ரல் மாதக் கடைசியில் இறந்தார், இன்னும் சிலருக்கு மஜ்ஜை ஒடுங்கியது. அவர்கள் யார் சட்டையிலும் பேட்ஜ் இல்லை, யாரும் அவர்களைக் கதிர்வீச்சு ஊழியர் என்று எண்ணியதுமில்லை. எவ்வளவு டோஸ் வாங்கினார்கள் என்பதற்கு அவர்களுடைய ரத்தம்தான் ஒரே சாட்சி. கிரே கணக்கில் விழும்போது வெள்ளையணு மாதிரி நேர்மையான சாட்சி கிடையாது.

இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே. கல்பாக்கம் அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் 2003 ஜனவரியில் ஒரு வால்வு பழுதாகி ஆறு ஊழியர்கள் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை வாங்கினார்கள். இந்தியாவில் ஒரு ஊழியர் ஒரு வருடத்தில் தாண்டக் கூடாத உச்சவரம்பு 30 மில்லிசீவர்ட்; ஐந்து வருடத்துக்குச் சேர்த்து 100. அதாவது ஒன்பது முதல் பதினான்கு மடங்கு. இவ்வளவு பெரிய மீறலும்கூட 0.5 கிரேக்குக் கீழேதான். டோட்டல் கவுன்ட்டை மட்டும் நம்பியிருந்தால் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்திருக்க இடம் உண்டு.

இப்போது நம் ரேடியோகிராபருக்கு வருவோம். சுவர் சரியாக இருந்து, படமெடுக்கும்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றால், எக்ஸ்ரே ஊழியர் பேட்ஜில் வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவாகத்தான் ஏறும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் எல்லா மனிதர்களுக்கும் வருவதே உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். மஜ்ஜை ஒடுங்கத் தேவையான வருட அளவில் நானூறில் ஒரு பங்கு இவருடையது. தினமும் பத்தாயிரம் கோடி செல் செய்யும் ஆலையில் இந்தச் சேதாரம் கணக்கிலேயே வராது. 3,800-க்குக் காரணம் அந்த நாலு நாள் காய்ச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேத் லேப் கதை கொஞ்சம் வேறு. அங்கே நோயாளியை விட்டு விலகி நிற்க முடியாது. குழாயை இதயத்துக்குள் செலுத்தும் டாக்டரும் நர்ஸும் கதிர் சிதறும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறார்கள். வெல்டிங் இணைப்புகளைப் பரிசோதிக்க இரிடியம்-192 என்ற கதிர் மூலத்தைத் தூக்கிக்கொண்டு இரவு நேரத்தில் வேலை பார்க்கும் தொழிற்சாலை ரேடியோகிராபர்கள் இன்னும் ஆபத்தான இடத்தில் இருக்கிறார்கள். மூலம் உறைக்குள் திரும்பவில்லை என்பதைக் கவனிக்காமல் பக்கத்தில் போன ஒரு நிமிடம் போதும். 'கதிர்வீச்சு ஊழியர்' என்று எல்லோரையும் ஒரே கூடையில் போடுவதால்தான் பாதிக் குழப்பமே.

ஈரான், இராக், சீனா என்று பல நாடுகளில் மருத்துவமனை ஊழியர்களின் ரத்தத்தை மற்றவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டு ஆய்வுகள் வந்திருக்கின்றன. இணையத்தில் தேடினால் இவைதான் முதலில் கிடைக்கும். ஒன்றில் வெள்ளையணு குறைந்திருக்கும், அடுத்ததில் கூடியிருக்கும், மூன்றாவதில் வித்தியாசமே இருக்காது. பெரும்பாலானவை சில பத்து பேர், மிஞ்சிப்போனால் சில நூறு பேரை வைத்துச் செய்தவை. ஒரு ரத்த ரிப்போர்ட்டில் இருபது எண்கள் இருக்கின்றன. இருபதையும் ஒப்பிட்டால் ஒன்றாவது தற்செயலாகவே 'வித்தியாசம்' காட்டிவிட வாய்ப்பு அதிகம். ஒப்பிட்ட ஆள்களில் யார் புகைக்கிறார்கள், யார் இரவு ஷிஃப்ட், பேட்ஜில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைச் சொல்லாத ஆய்வை நான் இரண்டாவது பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை.

எண்ணிக்கை ஊமையாகிவிடும் இடத்தில் செல்லின் உள்ளே பார்க்க வேண்டும். 1 கிரே எக்ஸ்ரே ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் இரண்டு இழையும் சேர்ந்து அறும் முறிவுகளை 35, 40 இடத்தில் உண்டாக்கும். 1 மில்லிகிரே என்றால் இருபத்தைந்து செல்லில் ஒன்றுக்கு ஒரு முறிவு. அநேகமாக எல்லாம் சரியாக ஒட்டிக்கொள்ளும். சில நேரம் அடுத்தடுத்து அறுந்த இரண்டு குரோமோசோம்கள் ஆள் மாறி ஒட்டிக்கொள்வதுண்டு. சாதாரணமாக ஒரு குரோமோசோமுக்கு இடுப்பு போன்ற சுருக்கம் ஒன்று. இப்படித் தவறாக ஒட்டியதற்கு இரண்டு இடுப்பு. ஆயிரம் செல்லில் ஒன்று என்ற அளவில்தான் இது இயல்பாக இருக்கும். கதிர் பட்டால் டோஸுக்கு ஏற்பக் கூடும். 1960-களில் தொடங்கிய இந்த முறையில் ரத்தத்தை எடுத்து, லிம்ஃபோசைட்டுகளைத் தூண்டிப் பிரியவைத்து, குரோமோசோம்கள் விரிந்து தெரியும் கட்டத்தில் நிறுத்தி, 500, 1,000 செல் என்று மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து எண்ணுவார்கள். 0.1 கிரே அளவைக்கூட இதில் பிடித்துவிடலாம். மாயாபுரி ஆள்களுக்கு டோஸ் மதிப்பிட உதவியது இதுதான். பேட்ஜில் திடுக்கிடும் ரீடிங் வந்தால், அது ஆள் மேல் விழுந்ததா, எக்ஸ்ரே அறையில் மறந்துவைத்த பேட்ஜ் மேல் விழுந்ததா என்று தீர்மானிப்பதற்கும் இதுதான் பயன்படுகிறது. 0.1-க்குக் கீழே இதற்கும் கண் மங்கிவிடும்.

அதற்கும் கீழே மிஞ்சுவது லுகேமியா பற்றிய கேள்வி. மஜ்ஜையின் தாய்ச் செல் ஒன்றில் விழுந்த தவறான ஒட்டு, வருடங்கள் கழித்து, எண்ணிக்கையில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் புற்றாக மாறலாம். அந்தக் காலத்து எக்ஸ்ரே டாக்டர்களிடம் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அமெரிக்காவில் 1944-ல் மார்ச் என்ற மருத்துவர் கணக்குப் போட்டபோது மற்ற டாக்டர்களைவிட எக்ஸ்ரே டாக்டர்கள் லுகேமியாவில் பல மடங்கு அதிகம் இறந்திருந்தார்கள். சீனாவில் 27,000 எக்ஸ்ரே ஊழியர்களைத் தொடர்ந்தபோதும் பழைய தலைமுறையிடம் லுகேமியா கூடுதலாக இருந்தது. பிரிட்டனில் 1950-களின் நடுப்பகுதிக்குப் பிறகு பதிவு செய்த எக்ஸ்ரே டாக்டர்களிடம் அப்படிக் கூடுதல் தெரியவில்லை. தடுப்புச் சுவர் வந்ததும் எமன் பின்வாங்கினான் என்று சொல்லலாம். முழுதாகப் போய்விட்டானா?

பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டு அணுத்துறை ஊழியர்கள் 3,08,297 பேரைச் சேர்த்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. அவர்கள் வாங்கியது சராசரியாக வருடத்துக்கு 1.1 மில்லிகிரேதான். ஆனாலும் டோஸ் கூடக் கூட லுகேமியா சாவும் கூடியது: 1 கிரேக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு கூடுதல் என்ற விகிதத்தில். இதை நம் ரேடியோகிராபருக்குப் பொருத்திப் பார்ப்போம். முப்பது வருட சர்வீஸில் 30 மில்லிகிரே சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், லுகேமியா வாய்ப்பு ஒன்பது சதவீதம் கூடுகிறது. வாழ்நாளில் லுகேமியா வரும் வாய்ப்பே இந்தியாவில் நூறில் ஒருவருக்கும் குறைவு. அந்தச் சின்ன எண்ணின் மேல் ஒன்பது சதவீதம். தனி ஆளுக்கு இது சொற்பம். மூன்று லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் சாவுக் கணக்கில் தெரிகிறது. இரண்டும் உண்மை. இதில் ஒன்றை மட்டும் சொல்பவர் நிர்வாகத்தின் ஆளாக இருப்பார், அல்லது பயமுறுத்தியே பழகியவராக இருப்பார்.

லுகேமியா வந்த ஒரு தொழிலாளியைக் காட்டி, இது கதிரால் வந்ததா, தானாக வந்ததா என்று கேட்டால் எந்த லேபாலும் பதில் சொல்ல முடியாது. செல்லில் முத்திரை ஒன்றும் குத்தியிருக்காது. ஜப்பான் இதற்கு ஒரு நடைமுறை வழி கண்டது. 1976 முதல் அங்கே விதி: வேலை பார்த்த வருடங்களை 5 மில்லிசீவர்ட்டால் பெருக்குங்கள்; பதிவான டோஸ் அதைத் தாண்டி, வேலையில் சேர்ந்து ஒரு வருடத்துக்குப் பின் லுகேமியா வந்தால் இழப்பீடு உண்டு. 2015 அக்டோபரில் ஃபுகுஷிமா அணு உலையைச் சுத்தப்படுத்தும் வேலைக்குப் போன ஒருவருக்கு இப்படி முதல் இழப்பீடு கிடைத்தது. அவருடைய மொத்த டோஸ் 20 மில்லிசீவர்ட்டுக்குச் சற்றுக் குறைவு. கதிரால்தான் வந்தது என்று அரசு ஒப்புக்கொள்ளவில்லை, பணம் மட்டும் கொடுத்தது. நம் நாட்டின் 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டமும் அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்களைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் எந்த நாட்டிலும் அப்படிக் கேட்டுப் போகிறவர் கையில் முதலில் இருக்க வேண்டியது டோஸ் பதிவு. பழைய டோட்டல் கவுன்ட் ரிப்போர்ட்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனாலும் அந்த இடத்தை நிரப்பாது.

பேட்ஜ் என்பது தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஓர் அட்டையில் மூன்று வெள்ளை வில்லைகள், டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட். கதிர் பட்டதை அது மனதில் வைத்திருக்கும். லேபில் சூடாக்கினால் வாங்கிய அளவுக்கு ஏற்ப ஒளிரும். மார்பில், லெட் ஏப்ரன் என்ற ஈய மேலங்கி போட்டால் அதற்கு உள்ளே மாட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி வேறு வாங்க வேண்டும்.

அவரை மூன்று வாரம் கழித்து அதே நேரத்தில், காலை எட்டு மணிக்கு, மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னேன். 5,400. முகத்தில் வெளிச்சம் வந்தது. நான் விடவில்லை, அவரோடு எக்ஸ்ரே அறைக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் லெட் ஏப்ரன், நடுவில் மடித்துத் தொங்கவிட்டு ஈயம் விரிசல் கண்டது. அதன் காலரில் அவருடைய பேட்ஜ். இரண்டும் மாட்டின இடத்தை விட்டு நகர்ந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டேன். "போர்ட்டபிள் எடுக்க வார்டுக்குப் போறப்பகூட போட முடியறதில்லைண்ணே, ரொம்ப கனம்."

ஆபீஸில் போய் டோஸ் ஃபைலைக் கேட்டோம். கிளார்க் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பதினொரு வருடத்தில் அவர் அதைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. வரிசையாக 0.00, நடுவே மூன்று காலாண்டுகளுக்கு எதிரே 'பேட்ஜ் திரும்பவில்லை', ஒரே ஒரு இடத்தில் மட்டும் 1.15 மில்லிசீவர்ட். அது எப்போது என்று தேதியைப் பார்த்து யோசித்தார். ரொம்ப நேரம் கழித்து, அறைக்கு வெள்ளையடித்தபோது ஆணியைக் கழற்றி பேட்ஜை மெஷின் மேசை மேல் வைத்த மாதம் அது என்றார்.